ஒன்பதாம் கேள்வி

அந்தப் படிவத்தில் மொத்தம் பதினான்கு கேள்விகள். பதின்மூன்றுக்கு அம்மாக்காரி உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஒன்றே ஒன்றுக்குத்தான் பொய் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று கேட்டுவிட்டு, அப்புறம் அவளை என்ன திட்டுவதானாலும் திட்டுங்கள்.

அவளுக்கு வேலை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். துவைத்து உலர்ந்து வருகிற படுக்கை விரிப்புகளை மடிக்கிற மேசை அவளுடையது. ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். இந்தப் பக்கம் இரண்டு முனையை இவள் பிடித்தால், அந்தப் பக்கம் இரண்டு முனையை இஸ்திரி அக்கா பிடிப்பாள். உதறி, இழுத்து, நடுவில் வந்து முனையோடு முனை சேர்த்து, திரும்ப விலகிப் போய், மறுபடி வந்து. ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. பன்னிரண்டு வருஷம். கல்யாணம் கட்டிக்கொண்டவர்கள்கூட இத்தனை தடவை எதிரெதிரே நடந்து வந்திருக்க மாட்டார்கள்.

இஸ்திரி அக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது வேலையால் அல்ல. அவள் உடுத்தியிருப்பதில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. பேச்சும் அப்படித்தான், மடிப்புக் கலையாத பேச்சு. வயது ஐம்பதை ஒட்டி. பிள்ளை இல்லை. புருஷன் ஆறு வருஷம் படுக்கையில் கிடந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான்.

அன்றைக்கு மேற்பார்வையாளர் வந்து, "உனக்கு வெளிநாட்டு போன்மா, ஆபீசுக்கு வா" என்றபோது, விரிப்பின் நான்கு முனையும் அவர்கள் இருவர் கையில் இருந்தன. அம்மாக்காரி போய்விட்டுத் திரும்பி வரும்வரை இஸ்திரி அக்கா அந்த விரிப்பைத் தரையில் படாமல் தனியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பாக்காரன் வெளிநாட்டில் கட்டட வேலை. மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். உயிர் இருக்கிறது, தலையில் அடி. விமானத்தில் ஏற்றுகிற நிலைமை வந்ததும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் கூட இருந்து கூட்டிக்கொண்டு வர வீட்டு ஆள் ஒருத்தர் போக வேண்டும். ஒருத்தருக்குத்தான் விசா, ஒருத்தருக்குத்தான் டிக்கெட். எத்தனை நாள் என்று கேட்டதற்கு, "டாக்டர் சொல்லணும்மா" என்றான் போனில் பேசியவன்.

வீட்டில் இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்குப் பத்து வயது. சின்னவனுக்கு ஐந்து.

சின்னவனுக்கு வலிப்பு உண்டு.

மூன்று வயதில் தொடங்கியது. விடிகிற நேரத்துத் தூக்கத்தில் வரும். பகலில் வந்ததில்லை, பள்ளிக்கூடத்தில் வந்ததில்லை. பார்த்தால் யாரும் சொல்ல முடியாது, பட்டாம்பூச்சி மாதிரி பையன். காலையும் மாலையும் மருந்து கொடுத்து வந்ததில் ஐந்து மாதமாக ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் முதல் தடவை வந்தது அப்பாக்காரனின் அண்ணன் வீட்டில், எல்லோரும் கூடித் தங்கியிருந்த ஒரு விடியற்காலையில். அம்மாக்காரியின் ஓரகத்தி அன்றைக்கு என்ன செய்தாள் தெரியுமா? தன் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய் உள் அறையில் வைத்துத் தாழ்ப்பாள் போட்டாள். ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. அதற்குப் பிறகு அம்மாக்காரி இந்த விஷயத்தை வெளியே மூச்சு விட்டதில்லை. சலவைக்கூடத்தில் லீவு கேட்கும்போதெல்லாம் "பையனுக்குக் காய்ச்சல்" என்பாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இருந்தாலும், சொந்தம் என்று முதல் போன் ஓரகத்திக்குத்தான் போட்டாள்.

"பெரியவளை அனுப்பு, தாராளமா வெச்சுக்கிறேன்" என்றாள் ஓரகத்தி. "கைக்கு உதவியா இருப்பா. சின்னவன்தான்..."

"ரெண்டு பேரும் பிரிஞ்சு இருந்ததே இல்லக்கா."

"அந்த மாதிரிப் பிள்ளைய வெச்சுக்கிட்டு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நாளைக்கு எங்களத்தான சொல்லுவே? எதுக்கு வம்பு? அவனை ஏதாவது விடுதியில விடேன்."

அம்மாக்காரி போனை வைத்துவிட்டாள். அந்த ஒரு போன்தான் அவளுக்குப் பாடம். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் மடிப்பு மேசையில் இஸ்திரி அக்கா தானாகவே கேட்டாள். "பிள்ளைங்கள யார்கிட்ட விடப் போற?"

"தெரியலக்கா."

"என்கிட்ட விடு. ரெண்டு ரூம் சும்மாதான் கிடக்கு. நான் பேசினா சுவர்தான் கேட்குது. அதுவும் இப்பல்லாம் சரியா கேட்கிறதில்ல."

அம்மாக்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. விரிப்பின் மறைவில் துடைத்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு" என்றாள் இஸ்திரி அக்கா, முனையோடு முனை சேர்க்க நடுவில் வந்து நின்று. "சேட்டை பண்ணட்டும், சுவத்தக் கிறுக்கட்டும், பாத்திரத்தப் போட்டு உடைக்கட்டும். எல்லாம் தாங்குவேன். சீக்குப் பிள்ளைய மட்டும் என்னால பார்க்க முடியாதுடி. ஆறு வருஷம் ஒரு மனுஷனுக்கு மூச்சு வருதா வருதான்னு பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தவ நான். இன்னொரு தடவை அப்படி உட்கார எனக்குத் தெம்பு இல்ல. உன் பிள்ளைங்க நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்குக்கா" என்றாள் அம்மாக்காரி.

அவ்வளவுதான். அது வாயிலிருந்து வந்துவிட்டது. வந்தது திரும்பப் போகாது.

நோட்டரி வக்கீல் ஆபீஸ் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. படியெல்லாம் காகித வாசனை. வக்கீல் உள்ளே இருந்தார். வெளியே ஒரு டைப்பிஸ்ட் அம்மா படிவத்தைக் கம்ப்யூட்டரில் நிரப்பினாள். அவளுக்கு ஜலதோஷம். ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவே மூக்கைத் துடைத்தாள்.

"எத்தனை நாளைக்கு இந்த அம்மா பொறுப்பு?"

"நான் திரும்பி வர்ற வரைக்கும்."

"அப்படியெல்லாம் போட முடியாதும்மா. தேதி வேணும்."

தொண்ணூறு நாள் என்று போட்டார்கள். பள்ளியில் கையெழுத்துப் போடலாமா, போடலாம். அவசரம் என்றால் ஆஸ்பத்திரியில் சம்மதம் தரலாமா, தரலாம். வெளியூர் கூட்டிப் போகலாமா என்றதற்கு, "நான் எங்க போறேன், காய்கறிக் கடைக்கா?" என்றாள் இஸ்திரி அக்கா. டைப்பிஸ்ட் சிரித்துத் தும்மினாள்.

"ஒன்பது. பிள்ளைங்களுக்குத் தொடர்ந்து மருந்து சாப்பிடுற மாதிரி ஏதாவது நோய் உண்டா?"

பெரியவள் நாற்காலியின் கீழே தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவன் ஸ்டாப்ளரைக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லை" என்றாள் அம்மாக்காரி.

டைப்பிஸ்ட் மூன்றெழுத்தைத் தட்டினாள். இஸ்திரி அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு பதினான்கு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். அந்த விரல் ஒன்பதாவது வரியிலும் நின்றது, நகர்ந்தது. பிறகு இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாக்காரி கதவைச் சாத்தினாள். வலிப்பு மருந்தை ஒரு பழைய சத்து டானிக் பாட்டிலில் ஊற்றினாள். கொஞ்சம் மேசையில் சிந்தியது. அப்புறம் பெரியவளைக் கட்டிலில் உட்கார வைத்து, ஒரு தலையணையைப் படுக்கப் போட்டாள்.

"இதுதான் தம்பி. வந்துட்டா என்ன பண்ணணும்?"

பெரியவள் தலையணையை மெதுவாக ஒரு பக்கமாகத் திருப்பினாள். "வாயில ஒண்ணும் வைக்கக் கூடாது. கையக் காலைப் பிடிச்சு அமுக்கக் கூடாது. கடிகாரம் பார்க்கணும்."

"எத்தனை நிமிஷம்?"

"அஞ்சு. அஞ்சு தாண்டினா இஸ்திரி அக்காவ எழுப்பணும். திடீர்னு இப்பதான் வந்துச்சு, இதுக்கு முன்னாடி வந்ததே இல்லன்னு சொல்லணும்."

"அஞ்சுக்குள்ள நின்னுட்டா?"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

சமர்த்துப் பிள்ளை. எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். பிறகு தலையணையின் மேல் கையை வைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்போ நான் எப்பம்மா தூங்குறது?"

அம்மாக்காரி எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். அடுப்பில் வைக்க ஒன்றும் இல்லை.

பழகட்டும் என்று ஒரு நாள் சாயங்காலம் இரண்டு பேரையும் இஸ்திரி அக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சின்னவன் பத்து நிமிஷத்தில் அந்த வீட்டுக்கே மருமகன் ஆகிவிட்டான். மேசை மேலே ஏறினான். இஸ்திரி அக்காவின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். பெரியவள் மட்டும் அறை அறையாகப் போய்ப் பார்த்தாள். "கட்டிலச் சுவத்துலேருந்து கொஞ்சம் தள்ளிப் போடலாமா?" என்றாள். "இந்த ரூம்ல ஏன் கடிகாரம் இல்ல?" என்றாள். "விடிவிளக்கு இருக்கா?" என்றாள்.

"ஏன்டி, நீ என்ன ஸ்டேஷன் மாஸ்டரா?" என்று சிரித்தாள் இஸ்திரி அக்கா. "விடிகாலையில எந்த ரயிலுக்குக் கொடி காட்டப் போற?"

பெரியவள் சிரிக்கவில்லை. கூடத்துக் கடிகாரத்தைத் தானே கழற்றிக்கொண்டு போய்க் கட்டிலுக்கு நேரே வைத்தாள். இஸ்திரி அக்கா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி இருந்தாள்.

கடைசி வேலைநாளில் அம்மாக்காரி எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் போனாள். ஒவ்வொரு விரிப்புக்கும் நடுவில் வந்து நிற்கும்போது, இதோ இப்போது என்று வாயைத் திறப்பாள். விலகிப் போகும்போது மூடிக்கொள்வாள். அன்றைக்கும் நானூறு விரிப்பு மடித்தார்கள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவளுக்கு வழி தொடங்கும் முன்னாலேயே பயம்.

புறப்படுகிற அன்று காலை பத்து மணிக்கு டாக்சி இஸ்திரி அக்கா வீட்டு வாசலில் நின்றது. டிரைவர் பெட்டியை ஏற்றிவிட்டு இறங்கிப் பீடி பற்ற வைத்தான். அம்மாக்காரி உள்ளே பிள்ளைகளின் பையைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிச் சட்டை, உள்ளாடை, சின்னவன் இல்லாமல் தூங்க மாட்டேன் என்கிற கிழிந்த துண்டு. கடைசியில் பாட்டில்.

"சத்து டானிக்கா. காலையிலயும் சாயங்காலமும் மூடியில ஒரு கோடு. பெரியவளே குடுத்துடுவா. இன்னைக்குக் காலையிலதுதான் இன்னும் குடுக்கல."

"அவ எதுக்கு? நான் எதுக்கு இருக்கேன்?" இஸ்திரி அக்கா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "ஒரு கோடா? ஊதினா பறந்துடுவான் போல இருக்கான், இவனுக்கு ஒரு கோடு டானிக்காம். மூடி நிறைய ரெண்டு தடவை குடுத்தாத்தான் உடம்புல ஒட்டும். நீ வர்றதுக்குள்ள குண்டூசியக் குண்டன் ஆக்கிக் காட்டுறேன் பாரு."

"ஒரு கோடு போதும்கா."

"டானிக்தானடி? விஷமா என்ன? வாடா ராஜா."

சின்னவனுக்கு அந்தத் தித்திப்பு பிடிக்கும். வாயை ஆவென்று திறந்துகொண்டு வந்து நின்றான். இஸ்திரி அக்கா மூடி தளும்ப ஊற்றினாள். அம்மாக்காரி கிழிந்த துண்டை எடுத்து மறுபடி மடித்தாள். வெளியே டாக்சி ஹாரன் அடித்தது.

"குடுக்காதீங்க!"

பெரியவள்தான். பாய்ந்து வந்து இஸ்திரி அக்காவின் கையைத் தட்டிவிட்டாள். மூடி எகிறி விழுந்தது. சிவப்பு மருந்து இஸ்திரி அக்காவின் மடிப்புக் கலையாத உடுப்பில் மார்பிலிருந்து முழங்கால்வரை வழிந்தது. சின்னவன் அழ ஆரம்பித்தான்.

இஸ்திரி அக்கா உடுப்பைப் பார்க்கவில்லை. பெரியவளின் முகத்தைப் பார்த்தாள். "ஏன்?" என்றாள்.

பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். பத்து வயதுப் பிள்ளை, உத்தரவு கேட்கிற மாதிரி பார்த்தாள்.

"அது டானிக் இல்லக்கா" என்றாள் அம்மாக்காரி. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஓரகத்தி தாழ்ப்பாள் போட்டதிலிருந்து தலையணைவரை. சொல்லச் சொல்ல இஸ்திரி அக்கா நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"இவளுக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியும்கா."

"பத்து வயசுப் பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

"சொன்னா வேண்டாம்னுடுவீங்களோன்னு..."

"ஆமா. வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்." இஸ்திரி அக்காவின் குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால்கூடத் தேவலை. "அதைச் சொல்ல எனக்கு ஒரு வாய் இருந்துச்சுல்ல? அதையும் சேர்த்து நீயே வெச்சுக்கிட்டே. இன்னும் ரெண்டு நிமிஷத்துல என் கையாலயே இவனுக்கு ஊத்தியிருப்பேன். நாளைக்கும் ஊத்தியிருப்பேன். பாசமா ஊத்தியிருப்பேன்டி."

ஹாரன் மறுபடி அடித்தது.

"நான் போகலக்கா. டாக்சிய அனுப்பிடறேன்."

"போகாம? அங்க ஒருத்தன் பேரு ஊரு தெரியாத இடத்துல கிடக்கான். அவன் என்ன பாவம் பண்ணான்?" இஸ்திரி அக்கா கையை நீட்டினாள். "அந்தப் பேப்பர எடு."

படிவத்தை மேசையில் விரித்தாள். ஒன்பதாவது வரியில் 'இல்லை' என்பதைப் பேனாவால் ஒரே கோடாக அடித்தாள். பேனாவை அம்மாக்காரியிடம் தந்தாள். நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு, பார்க்கிற டாக்டர், எல்லாவற்றையும் ஓரத்தில் எழுத வைத்தாள். அடியில் இருவரும் மறுபடி கையெழுத்துப் போட்டார்கள். வக்கீல் இதை ஒப்புக்கொள்வாரோ என்னவோ. இஸ்திரி அக்கா ஒப்புக்கொண்டாள்.

பிறகு பெரியவளைக் கூப்பிட்டாள். "காட்டு."

பெரியவள் தலையணையை எடுத்து வந்து திருப்பிக் காட்டினாள். இஸ்திரி அக்கா அதே மாதிரி திருப்பினாள். "கை எங்க வைக்கணும்? ம். அப்புறம்?" இரண்டு தடவை செய்து பார்த்தாள். அப்புறம் கடிகாரத்தை எடுத்துத் தன் கட்டில் பக்கம் வைத்தாள்.

"இது இனிமே என் வேலை. தம்பி என் பக்கத்துல படுத்துப்பான். நீ தூங்கு" என்றாள்.

பெரியவள் நம்பாமல் நின்றாள். அவள் உதடு கோணியது. அழுகை வரவில்லை. யாரோ தலையிலிருந்து குடத்தை இறக்கி வைத்த பிறகும் கை மேலேயே நிற்குமே, அப்படி நின்றாள்.

அம்மாக்காரி பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டாள். வாசல்வரை வந்து திரும்பி, "அக்கா" என்றாள்.

"பிள்ளைங்க மேல எனக்குக் கோபம் இல்ல. பார்த்துக்கிறேன்" என்றாள் இஸ்திரி அக்கா. போய்விட்டு வா என்று சொல்லவில்லை. உடுப்பில் வழிந்ததைத் துடைக்க உள்ளே போய்விட்டாள்.

அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் அப்பாக்காரன் கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தான். அவளைப் பார்த்தான். பார்த்தபடியே அவளுக்குப் பின்னால் இருந்த ஜன்னலையும் பார்த்தான். இரண்டுக்கும் அவனுக்கு வித்தியாசம் இல்லை. அம்மாக்காரி பிள்ளைகளின் பெயரைச் சொன்னாள், தன் பெயரைச் சொன்னாள். அவன் வாயோரத்தில் எச்சில் வழிந்தது. துடைத்தாள்.

இரண்டு நாளுக்கு ஒரு தடவை போன் போடுவாள். இஸ்திரி அக்கா முதலில் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வாள். இத்தனை மணிக்கு மருந்து, இத்தனை மணிக்குத் தூக்கம், பெரியவளுக்குக் கணக்குப் பரீட்சை. சலவைக்கூடத்துப் பேச்சு கிடையாது, சிரிப்பு கிடையாது. கடைசியில் ஒன்று கேட்பாள்.

"சொல்லாம விட்டது வேற ஏதாவது இருக்கா?"

முதல் தடவை அம்மாக்காரி பதறிப்போய் யோசித்து, பால் அதிகமானால் சின்னவனுக்கு வயிறு ஊதும் என்றாள். பெரியவளுக்கு இடி என்றால் பயம், வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள் என்றாள். அடுத்த தடவை, "இல்லக்கா" என்றாள். இஸ்திரி அக்கா நம்பவில்லை. பிறகு போன் வைக்கப்பட்டது. அதற்கு அடுத்த தடவையும் அப்படியே.

இருபத்தாறாம் நாள் இஸ்திரி அக்கா எடுத்தவுடன் சொன்னாள்: "நேத்து விடிகாலையில வந்துச்சு. அஞ்சு பத்துக்கு. ரெண்டரை நிமிஷம். திருப்பிப் போட்டேன். டாக்டர்கிட்டக் காட்டிட்டேன். மருந்து அரைக் கோடு கூட்டியிருக்கார். இப்ப விளையாடுறான்."

அம்மாக்காரி உடனே கேட்டாள்: "பெரியவ?"

"அவளுக்குத் தெரியாது. தூங்கிக்கிட்டிருந்தா. சொல்லல." பிறகு, "அவ வந்ததுலேருந்து இப்படித் தூங்கினதே முந்தாநேத்திலேருந்துதான்" என்றாள்.

"அக்கா, நீங்க தூங்குறீங்களா?"

இஸ்திரி அக்கா வழக்கமான கேள்விக்குப் போனாள். "சொல்லாம விட்டது வேற ஏதாவது இருக்கா?"

அம்மாக்காரி 'இல்லை' என்று சொல்ல வாயெடுத்தாள். நின்றாள். இருந்தது. அன்று காலைதான் டாக்டர் ஒரு மொழிபெயர்ப்பாளனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லியிருந்தார். ஊருக்கு அனுப்பலாம், ஆனால் இனி இவர் இப்படித்தான் இருப்பார். எழ மாட்டார், ஆளைத் தெரியாது. எத்தனை வருஷம் என்று யாராலும் சொல்ல முடியாது. அதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. இஸ்திரி அக்காவிடம் சொல்லவே கூடாது என்று நினைத்திருந்தாள்.

சொன்னாள்.

அந்தப் பக்கம் பின்னால் எங்கோ சின்னவன் யாரையோ சுட்டுக்கொண்டிருந்தான், டிஷ்யூம் டிஷ்யூம் என்று.

"முதுகப் பார்த்தியா?" என்றாள் இஸ்திரி அக்கா. குரலில் இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை. "கீழ் முதுகு, குதிகால். செவந்திருக்கான்னு பாரு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒருச்சாய்ச்சுப் படுக்க வெக்கணும். விரிப்புல ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. இருந்தா புண்ணு வந்துடும். வந்துட்டா ஆறாது. நர்ஸ் பார்த்துப்பாங்கன்னு விடாத. அவங்களுக்கு நூறு பேரு."

"சரிக்கா."

"வெச்சுடறேன்."

அம்மாக்காரி வார்டுக்குள் போனாள். போர்வையை விலக்கினாள். அவன் கீழ் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. தோளுக்கடியில் கை கொடுத்துப் புரட்டிப் பார்த்தாள். கனமான ஆள், அசையவில்லை. மணியை அழுத்திவிட்டு, நர்ஸ் வரும்வரை பாதி தூக்கிய தோளை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.